கையில் இருப்பதை எண்ணிப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 39 வயது. ஒரு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் துணை மேலாளராக இருக்கிறேன். எனக்குக் கீழே ஐந்து பேர். வீட்டில் கணவர், 13 வயது மகள், 9 வயது மகன், தினமும் மருந்து சாப்பிடும் மாமியார். காலை 4.15க்கு அலாரம், படுக்கும்போது இரவு 11 ஆகிவிடும். அலுவலகப் பட்டியலில் மட்டும் 30 வேலைகள் இருக்கின்றன. வாரத்துக்கு ஐந்து முடித்தாலே அதிகம், அதற்குள் அதே அளவு புதிதாக வந்துவிடுகிறது. மூன்று நோட்டு, இரண்டு செயலி, ஃப்ரிட்ஜ் கதவில் ஓர் அட்டவணை என்று எல்லாம் வைத்திருக்கிறேன். அப்படியும் போன மாதம் ஓர் ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கெடு தவறிவிட்டது. செயலி மூன்று முறை நினைவூட்டியது. மூன்று முறையும் ‘பிறகு’ என்று தள்ளினேன். அன்று இரவு மகள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவள், பாதியில் நிறுத்தி, “பரவாயில்லம்மா, நீங்க கேக்கல” என்று எழுந்து போய்விட்டாள். ஆறு வார நேர மேலாண்மை வகுப்பு ஒன்று இருக்கிறது. அதில் சேர இன்னும் அரை மணி முன்னால் எழ வேண்டும். சேரட்டுமா? நான் இன்னும் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கடைசி வரியில் வரும் ‘இன்னும்’ என்ற சொல்லில் இரண்டு முறையும் நின்றுவிட்டேன். மூன்று நோட்டு, இரண்டு செயலி, அதிகாலை அலாரம், இப்போது ஒரு வகுப்பு. தடுமாறிய ஒவ்வொரு முறையும் நீங்கள் ஒன்றைச் சேர்த்திருக்கிறீர்கள். எதையாவது எடுத்துப் போட்டதாகக் கடிதத்தில் ஓர் இடத்தில்கூட இல்லை.

இதை உங்கள் குறையாக நினைக்காதீர்கள். மனம் பொதுவாகவே அந்தப் பக்கம்தான் ஓடுகிறது. 2021இல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் சில சோதனைகளை வெளியிட்டார்கள். அவற்றில் ஒன்று: லெகோ கட்டைகளால் ஆன ஒரு சிறு கட்டடம், அதன் கூரை ஒரு மூலையில் ஒற்றைக் கட்டையின் மேல் நிற்கிறது. பாரம் வைத்தால் சாய்ந்துவிடும். அதை உறுதியாக்க வேண்டும். கூடுதலாகச் சேர்க்கும் ஒவ்வொரு கட்டைக்கும் பரிசுப் பணத்தில் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள். அந்த ஒற்றைக் கட்டையை உருவிவிட்டால் கூரை கீழ்த்தளத்தின் மேல் கெட்டியாக உட்கார்ந்துவிடும், செலவும் இல்லை. ஆனாலும் பலர் கட்டைகளைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். ‘எடுப்பதற்குக் காசு கிடையாது’ என்று ஒரு வரி சொல்லிவைத்ததும் எடுத்தவர்கள் எண்ணிக்கை கூடியது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. மனத்தில் வேறு சுமையும் ஏற்றப்பட்டிருந்தவர்களுக்கு, எடுத்துவிடலாம் என்ற யோசனை இன்னும் அரிதாகவே வந்தது. யாருக்குக் குறைப்பது மிக அவசரமோ, அவருக்குத்தான் அது கடைசியில் தோன்றுகிறது. நீங்கள் இப்போது அந்த இடத்தில் இருக்கிறீர்கள்.

அதனால் அந்த ஒரு வரியை நான் உங்களுக்குச் சொல்லிவைக்கிறேன்: எடுக்கலாம்.

நான் பணிச்சூழல் உளவியல் ஆலோசகர். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஓர் அலுவலகத்தில் ஆர்டர்கள் தாமதமாகின்றன என்று கூப்பிட்டார்கள். நான் போய் ஒரு கண்காணிப்புப் படிவமும் தினமும் காலையில் கால் மணி நேர மீட்டிங்கும் ஏற்பாடு செய்துவிட்டு வந்தேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் தாமதம் கூடியிருந்தது. அங்கே இருந்த மூத்த எழுத்தர் ஒருவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “ஒண்ணு குடுத்தீங்க, சரி. எதை எடுத்துக்கிட்டீங்க?” எனக்குப் பதில் இல்லை. அன்றிலிருந்து யார் என்னிடம் வந்தாலும் முதலில் அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறேன்.

உங்கள் கடிதத்தில் நீங்களே தந்திருக்கும் இரண்டு எண்களை எடுத்துக்கொள்வோம். கையில் 30 வேலைகள். வாரத்துக்கு ஐந்து முடிகின்றன. 1961இல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் நிரூபித்துக் காட்டிய ஒரு சிறிய சூத்திரம் இருக்கிறது. வருவதும் முடிவதும் ஏறத்தாழச் சமமாக இருக்கும் எந்த இடத்திலும், உள்ளே இருப்பவற்றின் எண்ணிக்கையை முடியும் வேகத்தால் வகுத்தால், ஒரு வேலை சராசரியாக எவ்வளவு காலம் உள்ளே கிடக்கும் என்று தெரிந்துவிடும். 30ஐ ஐந்தால் வகுத்தால் ஆறு. நீங்கள் கையில் எடுக்கும் ஒரு வேலை சராசரியாக ஆறு வாரம் உங்களிடம் கிடக்கிறது. நீங்கள் 4.15க்கு எழுந்தாலும் 3.45க்கு எழுந்தாலும், கையில் 30 இருக்கும்வரை இந்த ஆறு வாரம் பெரிதாக அசையாது. ஒரே சமயத்தில் ஐந்து மட்டும் கையில் வைத்திருந்தால், எடுத்த வேலை சராசரியாக ஒரு வாரத்தில் முடியும். அதே நீங்கள், அதே வேகம்.

‘மீதி 25 வெளியே காத்திருக்குமே, மொத்தத்தில் என்ன லாபம்’ என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். வெளியே இருப்பவை காத்திருக்கத்தான் செய்யும். ஆனால் ஆரம்பிக்காத வேலைக்கு யாரும் உங்களிடம் ‘எந்த அளவில் இருக்கிறது’ என்று கேட்டு ஃபோன் செய்வதில்லை. அதன் ஃபைலை மூன்றாம் முறை திறந்து, ‘எங்கே விட்டோம்’ என்று தேட வேண்டியதில்லை. அதை வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம். கேட்டவரே நாலு வாரத்தில் ‘அது இனி வேண்டாம்’ என்று சொல்லிவிடவும் கூடும், கொள்முதலில் இது எவ்வளவு நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். பாதி கொட்டேஷன் வாங்கி, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டபிறகு தேவையே ரத்தானால், அந்த உழைப்பு அவ்வளவும் வீண்.

இன்னொரு சின்னக் கணக்கு. மூன்று வேலைகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நாள் வேண்டும். எல்லோரையும் திருப்திப்படுத்த வேண்டும் என்று நாளுக்கு ஒன்றாக மாற்றி மாற்றிச் செய்தால், அவை முடிவது 7, 8, 9ஆம் நாட்களில். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தால் 3, 6, 9ஆம் நாட்களில். மூன்றாமவருக்கு ஒரு நாள்கூடத் தாமதம் இல்லை. முதல் இருவருக்கும் முன்னதாகவே கிடைத்துவிட்டது. எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் செய்து வைத்தால் எல்லோரும் பொறுத்துக்கொள்வார்கள் என்று நாம் நம்புகிறோம். நடப்பது, எல்லோரும் சேர்ந்து காத்திருப்பதுதான்.

இந்தக் கணக்கில்கூட ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது எதுவும் சிந்தாது என்று வைத்துக்கொண்டோம். உண்மையில் சிந்துகிறது. சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் இதற்குக் ‘கவன எச்சம்’ என்று பெயர் வைத்தார். முடிக்காத வேலையை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போகும்போது கவனத்தில் ஒரு பகுதி பழைய இடத்திலேயே தங்கிவிடுகிறது. புதிய வேலை மீதிக் கவனத்தோடு நடக்கிறது. உங்கள் மகள் சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன். நீங்கள் அவள் எதிரில் உட்கார்ந்திருந்தீர்கள், அந்த ஒப்பந்தம் உங்களுக்குள் உட்கார்ந்திருந்தது. குழந்தைகளுக்கு அது உடனே தெரிந்துவிடும். உங்களுக்கு அவள்மேல் அன்பு இல்லை என்று அவளும் நினைத்திருக்க மாட்டாள். இடம் இல்லை என்று பார்த்திருப்பாள்.

ஒப்பந்த விஷயத்தையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். நீங்கள் மறக்கவில்லை. செயலி மூன்று முறை சொன்னது. உங்களிடம் நினைவூட்டல் நிறையவே இருந்தது. அந்த நேரத்தில் கையில் வேறு 29 இருந்தன, அதனால் ‘பிறகு’ என்றீர்கள். நான்காவதாக ஒரு நினைவூட்டல் வைத்திருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும்.

சரி, என்ன செய்வது?

முதலில் 30ஐயும் ஒரே தாளில் எழுதுங்கள். மூன்று நோட்டிலும் இரண்டு செயலியிலும் சிதறிக் கிடப்பதை ஓரிடத்துக்குக் கொண்டுவந்தபின், அந்த இரண்டு செயலிகளில் ஒன்றையும் மூன்று நோட்டுகளில் இரண்டையும் மூடிவிடுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே, யார் கேட்டது, தாமதமானால் யாருக்கு என்ன ஆகும் என்று ஒரு வரி. சிலவற்றுக்கு அந்த வரியை எழுத முடியாமல் பேனா நிற்கும். அங்கே ஒரு குறி போடுங்கள்.

அப்புறம் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு உங்கள் மேலாளரிடம் போங்கள். ‘வேலை அதிகமாக இருக்கிறது’ என்று சொல்லாதீர்கள். அதைத் தினமும் எல்லோரும் சொல்கிறார்கள், அது காதில் விழாது. இப்படிச் சொல்லுங்கள்: “சார், என் கையில் இப்போது இருப்பது இந்த முப்பது. இந்த வாரம் இவற்றில் ஐந்தை முடித்துவிடுவேன். எந்த ஐந்து என்று நீங்கள் குறித்துக் கொடுங்கள்.” பெரும்பாலான மேலாளர்கள் முழுப் பட்டியலை அதுவரை பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்ததும் அவர்களாகவே இரண்டு மூன்றை அடித்துவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். புதிதாக ஒன்று வரும்போதும் அதே தாள்தான்: “செய்கிறேன் சார். இந்த ஐந்தில் எதைக் கீழே வைக்கட்டும்?” முதல் இரண்டு முறை சொல்ல உங்களுக்கு நா எழாது. பல வருடம் ‘சரி சார்’ என்று மட்டும் சொல்லிப் பழகிய நாக்கு அது. கையில் தாள் இருந்தால் கொஞ்சம் சுலபம், கண் அதில் இருக்கும்.

உங்கள் பிரிவு தயாரிக்கும் அறிக்கைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எடுப்பதற்கு மிகச் சுலபமானவை பொதுவாக அங்கேதான் இருக்கும். வாராந்திர நிலுவைப் பட்டியல், வெண்டர் வாரியான பட்டியல், மாதக் கடைசியில் அதையே வேறு நிறத்தில் ஒன்று. பெறுபவரிடம் ‘இது வேண்டுமா’ என்று கேட்டால் ‘வேண்டும்’ என்றுதான் சொல்வார்கள். இருப்பதை வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. கேள்வியை மாற்றுங்கள்: “இதை வைத்துக் கடைசியாக என்ன முடிவு எடுத்தீர்கள்?” பதில் சொல்லத் தடுமாறினால், இரண்டு மாதம் நிறுத்திப் பார்க்க அனுமதி கேளுங்கள். சொல்லாமல் நிறுத்தாதீர்கள். தணிக்கைக்கும் சட்டத்துக்கும் வேண்டிய ஆவணங்கள், பணம் வெளியே போகும்முன் நடக்கும் சரிபார்ப்பு, இவற்றில் கை வைக்கவே கூடாது.

அடுத்து, உங்கள் கையெழுத்து. சின்னச் சின்ன ஆர்டர்கள் எல்லாம் உங்கள் மேஜைக்கு வந்துதான் போகின்றனவா? ஒரு தொகைக்குக் கீழே இருப்பவற்றை உங்கள் ஐந்து பேரில் மூத்த இருவர் முடித்துவிடலாம் என்று, நிதிப் பிரிவின் ஒப்புதலோடு எழுத்தில் வாங்குங்கள். மாதம் ஒரு முறை அவர்கள் முடித்தவற்றிலிருந்து சிலவற்றை எடுத்துப் பாருங்கள், போதும். அவர்கள் தப்பு செய்வார்களோ என்ற பயம் உங்களுக்கு இருக்கும், எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு நாளில் நாற்பது தாளில் கையெழுத்துப் போடுபவர் நாற்பதையும் படிப்பதில்லை. பார்வை உண்மையிலேயே தேவைப்படும் நாலு தாளுக்கு அந்தக் கவனம் மிச்சமாகட்டும்.

வெளியே வைத்த 25ஐ நினைத்து மனம் அடித்துக்கொள்ளும். முடிக்காத வேலைகள் முடித்தவற்றைவிட அதிகமாக நினைவில் நிற்கின்றன என்று 1927இலேயே ப்ளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர் எழுதினார். அதற்கு மருந்து, எல்லாவற்றையும் முடிப்பதுதான் என்று தோன்றும். 2011இல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இருவர் செய்த சோதனைகள் வேறொரு வழியைக் காட்டின. முடிக்காத வேலைக்கு எப்போது, எங்கே, எப்படிச் செய்வோம் என்று தெளிவாக ஒரு திட்டம் எழுதிவிட்டாலே அது குறுக்கே வந்து தொல்லை செய்வது குறைகிறது. அதனால் வெளியே வைக்கும் ஒவ்வொன்றுக்கும் ‘திரும்பப் பார்க்கும் நாள்’ என்று ஒரு தேதி போடுங்கள். ‘பிறகு’ என்பது தேதி ஆகாது.

இப்போது வீட்டுக்கு வருகிறேன். அலுவலகத்தைவிட இங்கேதான் கஷ்டம், ஏனென்றால் இங்கே எழுதிய பட்டியல் கிடையாது. ஃப்ரிட்ஜ் கதவில் இருப்பது செய்யும் வேலைகளின் அட்டவணை. அதற்குப் பின்னால் இன்னொன்று ஓடுகிறது, அது உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கிறது. மாமியாரின் மாத்திரை எந்தக் கிழமை தீரும், மகனுக்கு ஷூ எப்போது சிறியதாகும், யாருடைய பிறந்தநாளுக்கு யார் ஃபோன் செய்யவில்லை. ஆலிசன் டாமிங்கர் என்ற சமூகவியலாளர் 35 தம்பதிகளிடம் பேசி 2019இல் இதை நான்காகப் பிரித்துக் காட்டினார்: வரப்போவதை முன்கூட்டியே உணர்வது, என்னென்ன வழி இருக்கிறது என்று தேடுவது, முடிவு எடுப்பது, அது நடந்ததா என்று பார்த்துக்கொண்டே இருப்பது. முடிவு எடுக்கும் இடத்தில் கணவர்களும் சேர்ந்துகொண்டார்கள். முதலாவதும் நான்காவதும், அதாவது உணர்வதும் பார்த்துக்கொண்டே இருப்பதும், பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் இருந்தன.

உங்கள் கணவர் உதவவில்லை என்று நீங்கள் எழுதவில்லை. ஒருவேளை சொன்னதையெல்லாம் செய்பவராகவே இருக்கலாம். ஆனால் ஒவ்வொன்றையும் சொல்ல வேண்டியிருந்தால், செய்த பிறகும் கேட்க வேண்டியிருந்தால், அந்த வேலை இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது. கை மட்டும் அவருடையது. செய்யச் சொல்வது வேறு, ஒப்படைப்பது வேறு.

ஒன்றிலிருந்து தொடங்குங்கள். மாமியாரின் மருந்து நல்ல தொடக்கம், அவர் அம்மாதானே. “ஏங்க, அம்மாவோட மருந்து விஷயத்தை இனிமே முழுசா நீங்க பாத்துக்கணும். எப்ப தீருதுன்னு பாக்கறது, வாங்கறது, டாக்டர்கிட்ட நாள் கேக்கறது, கூட்டிட்டுப் போறது, எல்லாம். நான் நினைவுபடுத்த மாட்டேன்.” இதைச் சண்டையின் நடுவில் சொல்லாதீர்கள். இருவரும் ஆற அமர இருக்கும் ஒரு நேரத்தில் சொல்லுங்கள், மருந்துச் சீட்டு, டாக்டர் எண், மருந்தின் பெயர்கள் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுக் கையில் கொடுங்கள். மருந்து என்பதால் ஒரு பாதுகாப்பு வேண்டும். கிழமைவாரியாக அறைகள் உள்ள மாத்திரைப் பெட்டி ஒன்று கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும். அறை காலியாகியிருக்கிறதா என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நீங்கள் வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை.

கேட்காமல் இருப்பதுதான் இதில் கடினமான பகுதி. முதல் மாதம் அவர் உங்கள் முறைப்படி செய்ய மாட்டார். மாத்திரை தீர்வதற்கு முந்தைய நாள்தான் கடைக்கு ஓடுவார். நீங்கள் ஒரு வாரம் முன்னாலேயே வாங்கியிருப்பீர்கள். மாத்திரை வந்ததா? வந்தது. அத்தோடு விட்டுவிடுங்கள். நடுவில் புகுந்து ‘நான் செஞ்சிருந்தா…’ என்று ஆரம்பித்தால், அடுத்த வாரம் அந்தக் கவர் உங்கள் மேஜைக்கே திரும்பி வரும். குடும்பங்களோடு பேசிய அனுபவத்தில் சொல்கிறேன், பெரும்பாலான ஒப்படைப்புகள் உடைவது இந்த இடத்தில்தான்.

13 வயது மகளும் 9 வயது மகனும் செய்யக்கூடியவை பல. தங்கள் துணியைத் தாங்களே மடித்து வைப்பது, மறுநாளுக்கான பையைத் தாங்களே எடுத்து வைப்பது. மகன் ஒரு நாள் நோட்டை மறந்துவிட்டுப் போவான். போகட்டும். நீங்கள் பள்ளிக்கு எடுத்துக்கொண்டு ஓட வேண்டாம்.

சிலவற்றை யாரிடமும் ஒப்படைக்கவே வேண்டாம், நிறுத்திவிடலாம். வீட்டில் அணியும் துணிக்கும் இஸ்திரி போடுகிறீர்களா? தினமும் துடைக்கும் அலமாரியை வாரம் ஒரு முறை துடைத்தால் என்ன ஆகும்? வீட்டு வேலையின் வரலாற்றை ஆராய்ந்த ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். துவைக்கவும் சுத்தம் செய்யவும் இயந்திரங்கள் வந்தபிறகும் அமெரிக்க வீடுகளில் பெண்களின் வேலை நேரம் எதிர்பார்த்தபடி குறையவில்லை. துவைப்பது சுலபமானதும் அடிக்கடி துவைத்தார்கள். சுத்தத்தின் அளவுகோல் ஏறிக்கொண்டே போனது. மிச்சமான நேரத்தை உயர்ந்த அளவுகோல் விழுங்கிவிட்டது. உங்கள் வீட்டில் எந்த அளவுகோல்கள் உங்களுடையவை, எவை யாரோ பார்த்து ஏதோ சொல்லிவிடுவார்கள் என்பதற்காக வைத்திருப்பவை என்று பிரித்துப் பாருங்கள். இரண்டாம் வகையிலிருந்து மூன்றை இந்த மாதமே கைவிடலாம். சுத்தமும் ஒழுங்கும் உங்களுக்கே மகிழ்ச்சி தருகிற இடம் ஒன்று இருந்தால் அதை விடாதீர்கள். குறைப்பதன் நோக்கமே அப்படிப்பட்டவற்றுக்கு இடம் விடுவதுதான்.

இப்படியெல்லாம் எடுத்தபின் வாரத்தில் நாலைந்து மணி நேரமாவது காலியாகும். அப்போது உங்கள் கை பரபரக்கும். தள்ளி வைத்த 25இலிருந்து இரண்டை எடுத்து உள்ளே போட்டுவிடுவீர்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தக் காலி இடத்துக்கு ஒரு வேலை இருக்கிறது.

1909இல் ஏர்லாங் என்ற டேனிஷ் கணிதர் தொலைபேசி நிலையத்தில் அழைப்புகள் எப்படி வருகின்றன என்று ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். வரிசைகளைப் பற்றிய கணிதம் அங்கிருந்து வளர்ந்தது. அதன் மிக எளிய வடிவத்தில் இப்படி வரும்: வேலைகள் முன்பின்னாக, சொல்லிக்கொள்ளாமல் வந்து சேரும் இடத்தில், ஒருவரின் நேரம் பாதி நிரம்பியிருந்தால், ஒரு மணி நேர வேலை வந்து முடிந்து போகச் சராசரியாக இரண்டு மணி நேரம் ஆகும். 80 சதவீதம் நிரம்பியிருந்தால் ஐந்து மணி. 90 சதவீதம் என்றால் பத்து மணி. நூறை நெருங்க நெருங்க, காத்திருப்புக்கு எல்லையே இல்லை. நீங்கள் சோம்பலாக இருப்பதால் வேலை தேங்கவில்லை. முழுக்க நிரம்பியிருப்பதால் தேங்குகிறது. ஒரு வெண்டர் லாரி வழியில் நின்றுவிட்டது, மகனுக்குக் காய்ச்சல், மேலாளர் திடீரென்று கூப்பிடுகிறார். இவை வராத வாரம் உண்டா? வரும் என்று தெரிந்தும் அவற்றுக்கு ஒரு நிமிடம்கூட ஒதுக்காத அட்டவணையோடு வாழ்ந்தால், ஒவ்வொன்றும் வேறொன்றை இடித்துத் தள்ளிக்கொண்டுதான் உள்ளே வரும். அதனால் நாளில் ஒரு மணி நேரத்தை எழுதாமல் விடுங்கள். அலுவலகத்தில் அரை மணி, வீட்டில் அரை மணி. ஒன்றும் வராத நாளில் சும்மா இருங்கள்.

வீட்டில் அந்த அரை மணியை ‘மகளுடன் பேசும் நேரம்’ என்று அட்டவணையில் போட்டுவிடாதீர்கள். 13 வயதுப் பெண் குறித்த நேரத்துக்கு வந்து மனம் திறக்க மாட்டாள். நீங்கள் கையில் எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருப்பதை அவள் சில நாள் தள்ளி நின்று பார்ப்பாள். அப்புறம் ஏதாவது சம்பந்தமில்லாத ஒரு பேச்சோடு வந்து பக்கத்தில் உட்காருவாள். அந்தச் சம்பந்தமில்லாத பேச்சை முழுசாகக் கேளுங்கள். போன மாதம் பாதியில் விட்டதை நீங்களாகத் தோண்ட வேண்டாம்; ‘அன்னிக்கு நான் கேக்கல, தப்பு’ என்று ஒரு முறை சொன்னால் போதும்.

இவ்வளவு சொன்னபிறகும், உங்கள் மேலாளர் பட்டியலைப் பார்த்துவிட்டு ‘முப்பதும் முதலில் வேண்டும்’ என்று சொல்லக்கூடும். அப்படியானால் அது இரண்டு பேர் வேலை. அதை எந்த முறையாலும் ஒருவர் செய்ய முடியாது, உங்கள் திறமையை நீங்கள் சந்தேகப்படத் தேவையும் இல்லை. அந்தத் தாளும் அதில் உள்ள தேதிகளும் உங்களிடம் இருக்கட்டும். ஆள் கேட்கவோ பொறுப்பு மாற்றம் கேட்கவோ அதுதான் ஆதாரம். இன்னொன்று, மூன்று நான்கு வாரம் சுமை குறைந்து, நன்றாகத் தூங்கியபிறகும் எதிலும் பிடிப்பு வரவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, விடியும்போதே சோர்வாக இருக்கிறது என்றால் ஒரு மருத்துவரைப் பாருங்கள். அது வேலைப் பட்டியலோடு முடிகிற விஷயமாக இல்லாமல் இருக்கலாம்.

வகுப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்போது சேர வேண்டாம். நீங்கள் 11க்குப் படுத்து 4.15க்கு எழுகிறீர்கள், ஐந்தேகால் மணி நேரம்தான் தூக்கம். பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. மீதி ஒன்றேமுக்கால் மணி நேரத்தை வெட்டி வேலைக்குக் கொடுத்து என்ன கிடைத்தது என்று யோசியுங்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்த பெண்களின் பழைய பதிவுகளை ஜான் பென்கவெல் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 2014இல் மறுபடி ஆராய்ந்தார். வாரத்துக்கு ஏறக்குறைய ஐம்பது மணி நேரம் தாண்டியதும், கூடுதலாக உழைத்த ஒவ்வொரு மணிக்கும் கிடைத்த உற்பத்தி குறையத் தொடங்கியது. 70 மணி நேரம் உழைத்த வாரத்துக்கும் 56 மணி நேரம் உழைத்த வாரத்துக்கும் மொத்த உற்பத்தியில் பெரிய வித்தியாசமே இல்லை. பதினான்கு மணி நேரம் அந்தப் பெண்கள் நின்றுகொண்டு இருந்திருக்கிறார்கள், கிட்டத்தட்ட ஒன்றுமே கூடாமல். அதைப் படித்தபோது எனக்கு மனம் கனத்துப்போனது. உங்கள் கடிதத்தைப் படித்தபோதும் அவர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

இன்று இரவு அலாரத்தை 5.30க்கு மாற்றிவிட்டு, 10.30க்குப் படுத்துவிடுங்கள். அந்த அதிகாலை ஒன்றேகால் மணி நேரத்தில் வழக்கமாகச் செய்யும் வேலைகளில் எவையெல்லாம் நாளை செய்யப்படாமல் நிற்கின்றன என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் அப்படி விட்டுப் பாருங்கள். அவற்றில் எதை யாராவது தேடினார்கள், எதை ஒருவரும் தேடவே இல்லை என்று எனக்கு எழுதுங்கள். மேற்கொண்டு எதை எடுப்பது என்று அந்தப் பட்டியலைப் பார்த்துச் சேர்ந்து முடிவு செய்வோம்.